கிளட்ச் மேலே பிடித்த சீசன்

போன மாதம் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெண், பேங்கில் வேலை பார்ப்பவள், தன் காருக்குப் புது கிளட்ச் போட்டுக்கொண்டு வந்தாள். மறுநாள் காலையிலேயே என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"தாத்தா, காலை முக்காவாசி எடுத்த பொறவுதான் வண்டி நவுருது. ரொம்ப மேல பிடிக்குது. மெக்கானிக்குகிட்ட கேட்டா, புது பிளேட்டு அப்படித்தான் இருக்கும், போகப் போகப் பழகிரும்ங்காங்க."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எது பழகும்? பெடலா, காலா? "நாளைக்கே கொண்டுபோயி விட்டுரு. பெடல்ல பிளே எவ்வளவு இருக்குன்னு எங்கண்ணு முன்னால காட்டுங்கன்னு கேளு. காட்டாம வண்டிய எடுத்துட்டு வராத" என்று சொல்லி அனுப்பினேன்.

அனுப்பிவிட்டேனே தவிர, அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. 'மேல பிடிக்குது' என்ற அந்த ஒரு வார்த்தை, ஐம்பது வருஷத்துக்கும் முந்தைய ஒரு குற்றால சீசனை இழுத்துக்கொண்டு வந்து என் முன்னால் போட்டுவிட்டது. பஸ் தொழிலாளர் சங்கத்துப் பையன்கள் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று இரண்டு வருஷமாக நச்சரிக்கிறார்கள். பெருமையாக எழுத என்னிடம் ஒன்றுமில்லை என்று தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். இப்போதும் பெருமையாக எழுத வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

நான் தென்காசியில் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் ஷெட்டில் சேர்ந்தது ஐம்பதுகளின் தொடக்கத்தில். ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் பாடம் என்னைக் கைவிட்டது. நானும் அதைக் கைவிட்டேன். முதல் வருஷம் மண்ணெண்ணெயில் நட்டு போல்ட்டு கழுவினேன். இரண்டாம் வருஷம் மற்றவர்கள் வேலை செய்ய லைட் பிடித்தேன். மூன்றாம் வருஷம் கிரீஸ் அடித்தேன். நாலாம் வருஷம்தான் ஸ்பேனரைக் கையில் கொடுத்தார்கள். என் தொழிற்கல்வி இவ்வளவுதான். மற்றதெல்லாம் வண்டிகள் திட்டித் திட்டிச் சொல்லிக் கொடுத்தவை.

சீசன் நேரத்தில் குற்றாலத்தில் ஏதாவது வண்டி நின்றுவிட்டால் ஓடிப்போய்ப் பார்ப்பது என் வேலை. ஒரு தடவை புது ஃபேன் பெல்ட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டு, பழையதைக் கழற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் பெல்ட் மரத்தின் மேல், ஒரு தாட்டியான குரங்கின் கழுத்தில், மாலை போட்ட மாதிரி கிடக்கிறது. அரை டஜன் வாழைப்பழம் போயிற்று, பெல்ட் வரவில்லை. பயணிகள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் அருவிக்குப் போவதற்காக உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்து நின்றார். அவர் கையில் இருந்த எண்ணெய்ப் புட்டியைப் பார்த்ததும் குரங்கு பெல்ட்டைப் போட்டுவிட்டு அதன்மேல் பாய்ந்தது. எனக்குப் பெல்ட் கிடைத்தது, அவருக்குத்தான் புட்டி போயிற்று.

அன்று ரிப்பேர் நோட்டில், தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில், 'குரங்கு' என்று எழுதினேன். எங்கள் ஃபோர்மேன் அதை அடித்துவிட்டு 'கவனக்குறைவு' என்று திருத்தினார். "குரங்கு அது வேலையப் பாத்துச்சு. நீ ஒன் வேலையப் பாத்தியாலே?" என்று கேட்டார்.

அந்த ஃபோர்மேன்தான் தேவசகாயம் சார். பாளையங்கோட்டைக்காரர். ஷெட்டில் வெள்ளைச் சட்டை போட்டு வேலை செய்த ஒரே மனிதர். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போதும் அது வெள்ளையாகவே இருக்கும். எப்படி என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அவரிடம் இன்னொரு விசேஷம் உண்டு. சந்தோஷமாக இருந்தால் 'ஏலே' என்பார், 'கழுத' என்பார், முதுகில் ஒரு அடிகூட வைப்பார். கோபம் வந்துவிட்டால் மரியாதை கூடிவிடும். "வாங்க தம்பி, ஒக்காருங்க" என்றால் அன்றைக்கு நம் கதை கந்தல். ஷெட்டில் அவரிடம் மரியாதை வாங்குவதற்குப் பயந்தே நாங்கள் ஒழுங்காக வேலை பார்த்தோம்.

கிளட்ச் விஷயத்தில் அவர் மகா கண்டிப்பு. தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிளட்ச் பிளேட் என்பது என்ஜினையும் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கிற தட்டு. பெடலை மிதித்தால் பிடியை விடும், கியர் மாற்றலாம். காலை எடுத்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். பெடலை மிதிக்கத் தொடங்கும்போது முதலில் கொஞ்ச தூரம் ஒன்றுமே நடக்காமல் சும்மா ஆட வேண்டும். அந்தச் சும்மா ஆட்டத்துக்குப் பெயர்தான் பிளே. பிளே இல்லையென்றால் பெடலைத் தொடாமலே கிளட்ச் அரைகுறையாக மிதிபட்டுக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். அப்போது காலை மேலே, ரொம்ப மேலே எடுத்தால்தான் பிடிக்கும். அந்தப் பிடியும் அரைப் பிடிதான். பாரம் ஏறினால் வழுக்கும். வழுக்கினால் பிளேட் கருகும்.

பிளே பார்க்க தேவசகாயம் சார் காலால் மிதிக்க விட மாட்டார். "காலுக்கு அகந்த சாஸ்தி, அது மெதுவா மிதிக்காது" என்பார். பெடலைக் கை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். எதிர்ப்பு தட்டுகிற இடம் வரைக்கும் ஒரு தீப்பெட்டியின் அகலம் இருக்க வேண்டும். அவருக்குப் பீடி, சிகரெட் எந்தப் பழக்கமும் கிடையாது. ஆனாலும் சட்டைப் பையில் எப்போதும் ஒரு காலித் தீப்பெட்டி இருக்கும்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். ஷெட்டுக்குள் வருகிற வண்டி வெறும் வண்டியாக வர வேண்டும். டிரைவர் தன் சாமான் செட்டையெல்லாம் இறக்கி வெளியே வேப்பமரத்தடியில் வைத்துவிட்டுத்தான் வண்டியை உள்ளே விட வேண்டும். சாமி படம், துண்டு, குடை, வெற்றிலைப் பை, காலடியில் விரித்தது, தலைக்கு வைத்தது எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. இந்தச் சட்டம் வந்த கதை ஊருக்கே தெரியும். ஒரு டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்திருந்த தூக்குச்சட்டி கவிழ்ந்து, பலகை இடுக்கு வழியாக மீன் குழம்பு முழுவதும் கீழே குழிக்குள் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்த சாரின் தலையில் இறங்கிவிட்டது. அந்த வெள்ளைச் சட்டையில் நாங்கள் கறை பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

இனி இசக்கி அண்ணாச்சி. தென்காசியிலிருந்து குற்றாலம் வழியாக ஐந்தருவி போகும் வண்டியின் டிரைவர். வீடு குத்துக்கல்வலசையில். நாற்பது வயதிருக்கும், நாலு பிள்ளைகள். ஒல்லியான ஆள், ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் வண்டி பூப்போல உருளும். பிள்ளைத்தாய்ச்சிகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறவர்கள், "இசக்கி வண்டி எப்ப வரும்?" என்று கேட்டுக் காத்திருந்து ஏறுவார்கள். அவர் செருப்புப் போட்டு ஓட்ட மாட்டார். வெறுங்கால்தான். வண்டி பேசுவது வெறுங்காலுக்குத்தான் கேட்கும் என்பது அவர் கட்சி.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம், சீசன் தொடங்குவதற்கு முன்னால், அவர் வண்டிக்கு கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டி வந்தது. அந்த வேலையை முதல் தடவையாக முழுப் பொறுப்போடு என்னிடம் விட்டார் சார். எனக்குத் தலைகால் புரியவில்லை. டிரைவர் காலடிப் பலகைகளைக் கழற்றி, கியர் பாக்ஸை இறக்கி, பிளேட்டை வெளியே எடுத்தேன். புது பிளேட்டைப் பழைய ஷாஃப்ட் ஒன்றைச் செருகி நடு மையத்தில் நிறுத்தினேன். பிளேட்டை விடுவிக்கிற மூன்று விரல்கள் உள்ளே உண்டு. மூன்றும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். அதற்கென்று சார் பழைய ஹாக்ஸா பிளேடை அரம் வைத்துத் தேய்த்து ஓர் அளவு செய்து வைத்திருந்தார். அதை வைத்து மூன்று தடவை பார்த்தேன். எல்லாம் மாட்டி, பிளே தீப்பெட்டி அகலம். சார் குனிந்து, கை விரலால் அழுத்திப் பார்த்தார். "பரவாயில்லலே கழுத" என்றார். எனக்கு அது பட்டம் வாங்கின மாதிரி.

பட்டம் வாங்கின ஜோரில் ஒரு காரியத்தை விட்டுவிட்டேன். அந்தக் காலத்து வண்டிகளில் பெடல், காலடிப் பலகையில் உள்ள ஒரு நீளத் துவாரம் வழியாகத்தான் மேலே வரும். அந்தத் துவாரத்தின் வழியாக என்ஜின் அனலும் ரோட்டுச் சேறும் மேலே வராமல் இருக்க, தோலும் கம்பளியும் சேர்த்துத் தைத்த ஒரு துண்டை அடித்திருப்பார்கள். கழற்றும்போது அது இற்றுப்போய்க் கையோடு வந்துவிட்டது. புதிதாக ஒன்று தைத்துப் போட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பலகையை மட்டும் மாட்டிவிட்டேன். கிளட்சுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? நாளை மறுநாள் ஆயிற்று, அப்புறம் மறந்தே போயிற்று.

மூன்றாம் நாள் இசக்கி அண்ணாச்சி வந்தார். "ஏலே சங்கரா, கியர் விழமாட்டேங்குலே. கர்ர்னு கத்துது. ரிவர்ஸ் போட்டா குத்தாலமே திரும்பிப் பாக்குது."

வண்டியை உள்ளே விடச் சொல்லிப் பார்த்தேன். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் விழுந்தது கியர். பிளே சரி. பிடிக்கிற இடம் சரி. "ஒண்ணுமில்லையே அண்ணாச்சி" என்றேன். அவரும் உட்கார்ந்து போட்டுப் பார்த்தார். விழுந்தது. தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

மறுநாள் மறுபடி வந்தார். "சத்தியமாச் சொல்லுதேன்லே, ரோட்டுல விழமாட்டேங்கு. ரெண்டு மரை முறுக்கிக் குடு."

கிளட்ச் ராடில் உள்ள நட்டை முறுக்கினால் பிளே குறையும். பெடலைக் கொஞ்சம் மிதித்தாலே கிளட்ச் விட்டுவிடும். அது தப்பு என்று எனக்குத் தெரியும். சாரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால், 'அப்ப நீ முதல்ல வச்சது தப்பா?' என்பார். வாங்கின பட்டம் போய்விடுமே. அதனால் சார் சாப்பிடப் போன நேரத்தில் இரண்டு மரை முறுக்கிக் கொடுத்தேன். அண்ணாச்சி சாயங்காலம் போகிற போக்கில் கையைக் காட்டி, "இப்ப சரிலே" என்று கத்திவிட்டுப் போனார்.

ஒரு வாரம். புது பிளேட் தேய்ந்து படிகிற காலம் அது. படியப் படிய, நான் விட்டு வைத்திருந்த கொஞ்சநஞ்ச பிளேயும் தானாகவே போய்விட்டது. "மேல பிடிக்குதுலே, காலத் தூக்கித் தூக்கி முழங்கா வலிக்கு" என்று வந்தார். பழையபடி தீப்பெட்டி அகலத்துக்கு வைத்துக் கொடுத்தேன். இரண்டு நாளில், "கியர் கத்துதுலே" என்று வந்தார். மறுபடி முறுக்கினேன். ஷெட்டுக்குள் ஒழுங்காக இருக்கும் வண்டி, ரோட்டில் ஏறினால் முரண்டு பிடித்தது. இந்த மனிதர்தான் என்னமோ செய்கிறார் என்று எனக்குள் எரிச்சல் ஏறிக்கொண்டே வந்தது.

ஆனி பிறந்து சாரல் விழுந்தது. அருவிகளில் தண்ணீர் கொட்ட, ஊர் உலகமெல்லாம் குற்றாலத்துக்கு வந்து இறங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிற்க இடமில்லாத கூட்டத்தோடு ஐந்தருவி ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. என்ஜின் உறுமுகிறது, சக்கரம் நகரவில்லை. கருகல் நாற்றம். பயணிகள் இறங்கி நடந்தார்கள். நடந்தவர்களில் ஒருவர் எங்கள் முதலாளிக்குச் சம்பந்தி வீட்டுக்காரர்.

பிளேட்டை வெளியே எடுத்தபோது அப்பளம் கருகின மாதிரி இருந்தது. போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. முதலாளியே ஷெட்டுக்கு வந்துவிட்டார். தேவசகாயம் சார் பிளேட்டை மோந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பிளே எவ்வளவு விட்டிருந்த?"

"தீப்பெட்டி அகலம், சார்."

"பொறவு யாரும் தொட்டாங்களா?"

இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் என் வாய் வரைக்கும் வந்தது. முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன்: "இல்ல சார். டிரைவர் எப்பவும் காலைப் பெடல்லயே வச்சிருக்காரு போல. அதான் கருகியிருக்கு."

பஸ் தொழிலில் ஒரு டிரைவரைப் பற்றி இதைவிடக் கேவலமாக ஒன்றும் சொல்ல முடியாது. கால் ஓய்வெடுக்க கிளட்ச் பெடலில் வைத்து ஓட்டுகிறவனுக்கு 'கிளட்ச் தின்னி' என்று பெயர். அந்தப் பெயர் விழுந்துவிட்டால் செங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி வரைக்கும் எந்த முதலாளியும் வண்டியைக் கொடுக்க மாட்டான். இது தெரிந்துதான் சொன்னேன். இதற்கு இன்றுவரை என்னிடம் சமாதானம் எதுவும் கிடையாது.

இசக்கி அண்ணாச்சியை வண்டியிலிருந்து இறக்கி வீட்டில் உட்காரச் சொன்னார் முதலாளி. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வேப்பமரத்தடியில் இருந்த தன் சாமானை ஒரு சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு நடந்து போனார். புது பிளேட்டை நானே மறுபடி போட்டேன். பிளே தீப்பெட்டி அகலம். அந்தத் துவாரத்துத் துண்டு அப்போதும் என் ஞாபகத்துக்கு வரவில்லை.

மாற்று டிரைவராகத் துரைராஜ் வந்தார். பட்டாளத்தில் லாரி ஓட்டிவிட்டு வந்தவர். காலில் பூட்ஸ், பேச்சில் இந்தி. பத்து நாள் ஓட்டினார். கியர் கத்தவில்லை, கிளட்ச் மேலே பிடிக்கவில்லை, ஒரு குறையும் இல்லை. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? அதே வண்டி, அதே மெக்கானிக், டிரைவர்தான் வேறு. நான் சொன்ன பொய்யை எனக்கே நம்பத் தோன்றிவிட்டது. முதலாளி, "இசக்கிய வேற எடம் பாத்துக்கச் சொல்லிருங்க" என்றார்.

தேவசகாயம் சார் மட்டும், "ஒரு நாள் பொறுங்க மொதலாளி. கண்ணால பாக்காம ஒருத்தன் பொழப்புல கை வைக்கக் கூடாது" என்றார். ஆள் அனுப்பி அண்ணாச்சியை வரச் சொன்னார். மறுநாள் காலை முதல் டிரிப், பயணிகளோடு. "வழக்கமா எப்படி ஓட்டுவீரோ அப்படியே ஓட்டும்வே. நாங்க இருக்கோம்னு பாக்காதீரும்" என்று சொல்லிவிட்டு, டிரைவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னை என்ஜின் மூடிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்காரச் சொன்னார். "அவரு எடது கால மட்டும் பாரு. வேற எதையும் பாக்காத."

தென்காசி ஸ்டாண்டில் அண்ணாச்சி ஏறினார். சாக்கைப் பிரித்தார். சாமி படத்தை மாட்டினார். துண்டைக் கம்பியில் போட்டார். கடைசியாக ஒரு கயிற்று மிதியடியை எடுத்து, இரண்டாக மடித்து, பெடலுக்குக் கீழே பலகையில் பதவிசாக விரித்தார். செங்கோட்டைப் பக்கம் சந்தையில் கிடைக்கிற தேங்காய் நார் மிதியடி; தடித்த ஜாதி. நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. காலை மட்டும் பார்க்கத்தானே சொல்லியிருந்தார்கள்.

முதல் கியர். கர்ர்ர்.

"என்னவே, எடுத்த எடுப்புலயே வண்டி அழுது?" என்று பின்னாலிருந்து ஓர் ஆச்சி குரல் கொடுத்தாள்.

மேலகரம் வரைக்கும் நான் அவர் காலைப் பார்த்தேன். மிதிப்பார், கியர் கத்தும், விடுவார். விட்ட கால் உடனே பெடலைவிட்டு ஒரு சாண் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு தடவைகூடப் பெடலில் தங்கவில்லை. எனக்கு வேர்த்துக் கொட்டியது. அதற்கு என்ஜின் அனல் மட்டும் காரணமில்லை.

மேலகரத்தில் வண்டியை ஓரம் கட்டச் சொன்னார் சார். "பெடலக் கடைசி வரைக்கும் மிதியும்" என்றார். அண்ணாச்சி மிதித்தார். சார் வெள்ளைச் சட்டையோடு கீழே மண்டியிட்டு, பெடலுக்கு அடியில் கையை விட்டார். பெடல் பலகையைத் தொடவில்லை. மிதியடியில் முட்டிக்கொண்டு நின்றது. இரண்டு மடிப்பு, முழுசாக ஒன்றரை இஞ்சு. அந்த ஒன்றரை இஞ்சு குறைந்ததால்தான் கிளட்ச் முழுசாக விடவில்லை. விடாததால் கியர் கத்தியது. அதைச் சரிக்கட்ட மேலே முறுக்கப் போய்த்தான் பிடி உச்சிக்கு ஏறியிருந்தது. சார் மிதியடியை உருவி எடுத்தார். "இப்பப் போடும்."

சத்தமே இல்லாமல் விழுந்தது கியர்.

வண்டியில் யாரோ, "ஐயா, அருவியில தண்ணி நிக்கதுக்குள்ள போயிருவமா?" என்று கேட்டார். சிரிப்பு எழுந்தது. சார் சிரிக்கவில்லை.

"இத எப்பலேருந்துவே போடுதீரு?"

"புது கிளட்ச்சு போட்டதுலேருந்து சார். காலு சுட்டுது. மழ பெஞ்சா சேறு வேற அடிக்கி."

"அதுக்கு முன்னால சுடலையா?"

அண்ணாச்சி ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். சார் கையை நகர்த்திப் பெடல் துவாரத்தின் மேல் வைத்தார். அனல் பட்டதும் கையை இழுத்துக்கொண்டார். மெதுவாக எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீங்க சொல்லுங்க."

அந்த 'நீங்க'வைக் கேட்டதும் எனக்கு உயிரே போய்விட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். துண்டு போடாதது, சாருக்குத் தெரியாமல் இரண்டு தடவை முறுக்கியது, யாரும் தொடவில்லை என்று சொன்னது. அத்தனை பயணிகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். டிரைவர் காலைப் பற்றிச் சொன்ன பொய்யை மட்டும் அங்கே சொல்ல வாய் வரவில்லை. அது சாருக்கு ஏற்கெனவே தெரியும். தெரிய வேண்டியவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

சார் கீழே கிடந்த மிதியடியைக் குனிந்து எடுத்தார். பிறகு, "எனக்கும் இதுல பங்கு உண்டு. இத வெளிய வச்சுட்டு உள்ள வான்னு சொன்னவன் நான்லா? ஷெட்டுக்குள்ள எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?" என்றார். மிதியடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "எடும்வே வண்டிய."

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அன்று சாயங்காலமே இசக்கி அண்ணாச்சிக்கு வண்டி திரும்பக் கிடைத்தது. சார் என்னை முதலாளி வீட்டுக்குக் கூட்டிப்போய், என் வாயாலேயே எல்லாவற்றையும் சொல்ல வைத்தார். மூன்று மாதம் மண்ணெண்ணெயில் நட்டு கழுவினேன்; அந்த மூன்று மாதமும் சார் என்னை 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிட்டார். நட்டு கழுவியதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஷெட்டின் சட்டமும் மாறியது. ரிப்பேர் பார்க்கும்போது வெறும் வண்டி. சோதித்துப் பார்க்கும்போது டிரைவர் தன் சாமான் அத்தனையையும் வைத்துக்கொண்டு, ரோட்டில் ஓட்டுகிற மாதிரியே உட்கார்ந்திருக்க வேண்டும். நான் அறுபதுகளில் ஃபோர்மேன் ஆனபோதும் அதை மாற்றவில்லை. ஒரு டிரைவர் சோதனைக்குக் கூண்டோடு கிளியைக் கொண்டுவந்தார். அனுமதித்தேன்.

ஆனால் அன்று காலையில் குற்றாலத்தில் நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. வண்டி போய்ச் சேர்ந்ததும் பயணிகள் இறங்கி அருவிக்கு ஓடினார்கள். தேவசகாயம் சாரும், "வந்ததுதான் வந்தாச்சு" என்று அண்ணாச்சியின் துண்டை வாங்கிக்கொண்டு குளிக்கப் போனார். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. நானும் அண்ணாச்சியும் மட்டும் வண்டியில் இருந்தோம். மேலகரத்திலிருந்து மிதியடி இல்லாமல் ஓட்டி வந்த காலை அவர் படியில் நீட்டி, சாரலில் நனைய விட்டிருந்தார். குதிகால் சிவந்து கிடந்தது. துரைராஜின் பூட்ஸுக்கு இந்த அனல் உறைத்திருக்காது, மிதியடியும் தேவைப்பட்டிருக்காது.

"அண்ணாச்சி, அனல் அடிக்குன்னு எங்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீ பலகையக் கழத்துவ. ஒங்க ஃபோர்மேன் என்னன்னு கேப்பாரு. மொத மொத தனியாப் பாத்த வேல. ஒரு மிதியடியோட போகுதுன்னு விட்டேன்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். "நீங்க பெடல்லயே கால வச்சு ஓட்டுதியன்னு மொதலாளிகிட்டச் சொன்னது நான்தான் அண்ணாச்சி."

"தெரியும்லே. மொதலாளி அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிட்டாரு."

"பொறவு ஏன் சும்மா இருந்திய? அது பொய்யின்னு சொல்ல வேண்டியதுதான? நான் முறுக்குனதச் சொல்லியிருக்கலாம்லா?"

"முறுக்கச் சொன்னது நான்லா." அவர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொறவு, அது பொய்யின்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ மெக்கானிக்கு. பாத்துத்தான் சொல்லியிருப்பன்னு நெனச்சேன். பத்து நாளா வீட்டுல ஒக்காருத ஒரு மணக்கட்டையப் பெடல்னு முன்னால போட்டுக்கிட்டு, எனக்குத் தெரியாம எங்காலு அங்கன போகுதா போகுதான்னு பாத்துக்கிட்டே கெடந்தேன்லே."